சிக்னலை நெருங்கும்போது முண்டியடித்து முந்தும் வண்டிகள்: சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிக்னல் சிவப்பில் இருக்கிறது. உங்களுக்கும் தெரிகிறது, பின்னால் வரும் காருக்கும் தெரிகிறது. இருந்தும் அந்தக் கார் உறுமிக்கொண்டு உங்களைக் கடக்கிறது, முன்னால் புகுகிறது, அடுத்த நொடியே பிரேக் போட்டு நிற்கிறது. உங்கள் முன்சக்கரத்துக்கும் அதன் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட மிச்சமில்லை. காரில் இருப்பவர் இதனால் ஒரு நொடியும் சம்பாதிக்கவில்லை. உங்களுக்கோ கை நடுங்குகிறது.

பல ஆண்டுகளாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஒரு மழைநாள் காலையில் இப்படி முந்திய கார் ஒன்று நிற்கக்கூட இல்லை. இண்டிகேட்டர் போடாமல் எனக்குக் குறுக்கே வெட்டித் திரும்பிவிட்டது. பதறி முன்பிரேக்கை மட்டும் இறுக்கினேன். சக்கரம் அப்போது நிறுத்தக் கோட்டின் வெள்ளை வண்ணப்பூச்சின் மேல் இருந்தது. ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கைத் தோல் ஆற மூன்று வாரம் ஆயிற்று. வீட்டில் படுத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தவறு முழுக்க அந்த ஓட்டுநருடையது. ஆனால் சிக்னலுக்கு வெகு முன்பிருந்தே நான் சாலையோரக் கல்லை ஒட்டி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தடத்தில் இன்னொரு வண்டி நுழைய இடம் திறந்து கிடந்தது, அவர் நுழைந்தார்.

சிக்னலில் நடப்பதில் பெரும்பகுதி சிக்னலுக்கு ஐம்பது, அறுபது மீட்டர் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தத் தூரத்தில் சாலையின் எந்த இடத்தில் இருக்கிறீர்கள், எப்போது அங்கே வந்தீர்கள் என்பவற்றைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி பெரும்பாலும் பேசுகிறது.

ஒரு சொல் விளக்கம். சில நாடுகளில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுகின்றன, சிலவற்றில் வலப்பக்கமாக. அதனால் இடது, வலது என்று எழுதாமல், நடைபாதைப் பக்கத்தை ஓரம் என்றும் எதிர்வரிசைப் பக்கத்தை நடுப்பக்கம் என்றும் சொல்கிறேன். தடத்தின் நடு என்று சொன்னால் மட்டும் அந்தத் தடத்தின் மையம் என்று பொருள். உங்கள் ஊர் வழக்கப்படி பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர். பின்னால் வரும் கார் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். உங்களுக்கு 8 மீட்டர் பின்னால் இருக்கும்போது அது முந்தத் தொடங்குகிறது. உங்களுக்கு 8 மீட்டர் முன்னால் போன பிறகே ஒழுங்காகத் தன் தடத்துக்குத் திரும்பலாம். காரின் நீளம் 4 மீட்டர், சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் உங்களைவிட 22 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு 5 மீட்டர் என்பதால் அதற்கு 4.4 நொடி ஆகும். அந்த நேரத்தில் கார் சாலையில் 44 மீட்டர் கடந்திருக்கும். பிறகு பதறாமல் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 15 முதல் 20 மீட்டர் வேண்டும். கூட்டினால் அறுபது மீட்டரைத் தொடுகிறது.

நிறுத்தக் கோட்டுக்கு அறுபது மீட்டருக்குள் வந்துவிட்ட பிறகு, சிவப்பு விளக்கை நோக்கிப் போகும் சைக்கிளைப் பாதுகாப்பாக முந்தவே முடியாது என்று இதற்குப் பொருள். முந்துகிறவர் உங்கள் இடத்தைத் திருடித்தான் முந்துகிறார். பொறுத்திருந்தால் அவர் இழப்பது என்ன? அறுபது மீட்டரைக் கடக்க உங்களுக்கு 12 நொடி, அவருக்கு 6 நொடி. பச்சையாகவே இருந்தாலும் இழப்பு 6 நொடி. சிவப்பாக இருந்தால் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். தடத்தின் நடுவுக்கு வரும்போது பின்னால் இருப்பவருக்கு அநியாயம் செய்கிறோமோ என்ற கூச்சம் எனக்கு வெகுநாள் இருந்தது. அதைப் போக்கியது இந்த 6 நொடிதான்.

படி 1: விளக்கைத் தூரத்திலேயே படியுங்கள்

சிக்னல் கண்ணில் பட்டதுமே, அது எப்போதிருந்து அந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கண்முன் பச்சையாக மாறியது என்றால் அது புதுப் பச்சை. இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும்போதே பச்சையாக இருந்தால் அதைப் பழைய பச்சை என்று கருதுங்கள், எந்த நொடியும் மஞ்சள் விழலாம். பின்னால் வரும் ஓட்டுநரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். சிக்னலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் அவர் வேகத்தைக் கூட்டும் இடம் இதுதான். நொடிகளை எண்ணிக் காட்டும் சிக்னல்களில், எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்ததும் பின்னால் என்ஜின்களின் சத்தம் மாறுவதைக் காதாலேயே கேட்கலாம்.

நடந்து கடப்பவர்களுக்கான சிறிய விளக்கையும் கவனியுங்கள். உங்கள் சாலைக்கு இணையாக நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் மின்னத் தொடங்கினால், பல சந்திப்புகளில் உங்கள் பச்சையும் முடியப்போகிறது என்று பொருள்.

சிவப்பு என்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாக உருண்டு போங்கள். வேகமாகப் போய்ச் சேர்ந்து எந்தப் பயனும் இல்லை. உங்கள் கால் சுற்றாமல் நிற்பதைப் பின்னால் இருப்பவர் பார்க்கிறார். முன்னே நிற்கப்போகிறார்கள் என்ற செய்தி அதில் அவருக்குக் கிடைக்கிறது.

படி 2: திரும்பிப் பாருங்கள், இரண்டு முறை

இடம் மாறுவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள். கைப்பிடியில் பொருத்தும் சிறிய கண்ணாடி உதவும், ஆனால் அது முழுச் சாலையையும் காட்டாது. திரும்பிப் பார்ப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு முகம் தன் பக்கம் திரும்புவதைக் கண்டதும் ஓட்டுநர் உங்களை ஒரு தடங்கலாக அல்லாமல் ஒரு மனிதராகப் பார்க்கிறார். என் அனுபவத்தில், கையை நீட்டுவதைவிட இந்தப் பார்வையே அதிகம் வேலை செய்கிறது.

முதல் பார்வை, என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள. பிறகு கையை நடுப்பக்கமாக நீட்டிக் காட்டுங்கள். இரண்டாவது பார்வை, அவர் வேகத்தைக் குறைத்தாரா என்று உறுதிசெய்ய. குறைக்கவில்லை என்றால் நகராதீர்கள். அந்த ஒரு வண்டி போகட்டும், அதற்கடுத்ததன் முன் இடம் எடுங்கள்.

படி 3: தடத்தின் நடுவுக்கு வாருங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. தயக்கமும் இதில்தான் அதிகம்.

சாதாரணமாகச் சாலையில் போகும்போது ஓரக் கல்லிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளிப் போவது நல்லது. அரை மீட்டருக்கும் குறைவாக ஒருபோதும் நெருங்காதீர்கள். அங்கே சாக்கடை மூடி, கண்ணாடிச் சில்லு, உடைந்த விளிம்பு எல்லாம் இருக்கும். விலக நேர்ந்தால் ஒதுங்க இடமும் இருக்காது. சிக்னலை நெருங்கும்போது இந்த ஒரு மீட்டரும் போதாது. காருக்குரிய தடத்தின் நட்டநடுவுக்கு, முன்னால் ஒரு கார் போனால் அதன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எந்த இடம் வருமோ அங்கே, வாருங்கள்.

காரணம் எளியது. ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3 மீட்டர் முதல் 3.5 மீட்டர் வரை. காரின் அகலம் பக்கக் கண்ணாடிகளோடு ஏறக்குறைய 2 மீட்டர். நீங்கள் ஓரத்தில் ஒட்டிப் போனால், எதிர்த்தடத்துக்குப் போகாமலே நுழைந்துவிடலாம் என்று ஓட்டுநரின் கண் கணக்குப் போடுகிறது. உண்மையில் இடம் போதாது. ஆனால் போதும்போலத் தெரிகிறது. உரசல்கள் பிறப்பது இப்படித்தான். நடுவில் இருந்தால் அந்த ஐயமே எழாது. முந்த வேண்டுமென்றால் முழுத் தடமும் மாறித்தான் போக வேண்டும் என்று ஒரே பார்வையில் அவருக்குப் புரிகிறது.

இது அடாவடி அல்ல. பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு 2022இல் திருத்தப்பட்டபோது, சந்திப்பை நெருங்கும் இடங்களிலும் சாலை குறுகும் இடங்களிலும், முந்துவது ஆபத்து என்றால் சைக்கிளில் போகிறவர் தடத்தின் நடுவில் போகலாம் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. மணிக்கு 30 மைல் வேகம் வரை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் 1.5 மீட்டர், நகருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமே வரையறுக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1973லேயே மூன்று அடி இடைவெளியைச் சட்டமாக்கியது. இப்படி எண்ணிட்டுச் சொல்லாத நாடுகளும் பல இருக்கின்றன. ஆனால் முந்துகிறவர் முந்தப்படுபவருக்குப் போதிய இடம் விட வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இருக்கும் கடமை. உங்கள் நாட்டு விதியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். உரிமை எது என்று தெரிந்தவரின் சைக்கிள் தள்ளாடுவதில்லை.

எப்போது நடுவுக்கு வருவது என்பதும் அதே அளவு முக்கியம். கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது திடீரென்று நடுவுக்கு வந்தால் அது குறுக்கே பாய்வதுபோல ஆகிவிடும். அறுபது, எழுபது மீட்டர் முன்பே தொடங்கி, மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டு, சாய்கோட்டில் மெதுவாக வாருங்கள். வந்த பிறகு நேர்கோட்டில் போங்கள். ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் ஒதுங்கி ஒதுங்கி வெளியே வருவது மிகவும் மோசமான பழக்கம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் இருப்பவருக்கு நீங்கள் புதிதாகத் தோன்றுகிறீர்கள்.

சந்திப்பைக் கடந்ததும், நிலைமை பாதுகாப்பாகத் தெரிந்தால் மீண்டும் ஒரு மீட்டர் இடத்துக்குத் திரும்புங்கள். பொறுத்திருந்தவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். நான் தவறாமல் சொல்கிறேன். அவர் நாளை இன்னொரு சைக்கிளின் பின்னால் வருவார்.

ஒரு விலக்கு. வண்டிகள் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பலதடச் சாலையில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அங்கே உங்களுக்கும் மற்றவர்களுக்கும் வேக வித்தியாசம் மிக அதிகம். தனிப் பாதை இருந்தால் அதில் போங்கள். நடுப்பக்கமாகத் திரும்ப வேண்டியிருந்தால் இரண்டு கட்டமாகத் திரும்புங்கள்: முதலில் நேராகச் சந்திப்பைக் கடந்து எதிர்மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை வரும்போது போவது. டென்மார்க்கில் சைக்கிள்கள் இப்படித்தான் திரும்ப வேண்டும் என்பது விதி. இறங்கித் தள்ளிக்கொண்டு நடைபாதைக் கடவில் கடப்பதும் நல்ல வழியே.

படி 4: மஞ்சள் விழும்போது

மஞ்சள் விளக்கு பெரும்பாலான இடங்களில் 3 முதல் 5 நொடி வரை எரிகிறது. இந்த நேரம் காரின் வேகத்தையும் காரின் பிரேக்கையும் கருதி அமைக்கப்பட்டது. அகலமான சந்திப்பு ஒன்று 25 மீட்டர் என்றால், மணிக்கு 18 கிலோமீட்டரில் அதைக் கடக்க உங்களுக்கு 5 நொடி வேண்டும். மஞ்சளின் கடைசி நொடியில் நுழைந்தால், நீங்கள் நடுவில் இருக்கும்போதே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்துவிடக்கூடும்.

அதே வேகத்தில் உலர்ந்த சாலையில் நீங்கள் நிற்க, யோசிக்கும் ஒரு நொடிக்கு 5 மீட்டரும் பிரேக்குக்கு 4 மீட்டரும் சேர்த்து ஏறக்குறைய 9 மீட்டர் போதும். மழையில் இன்னும் பல மீட்டர் கூடும். ஆகவே கோட்டுக்கு முன்னால், உலர்ந்த நாளில் பத்து மீட்டரிலும் ஈர நாளில் பதினைந்து மீட்டரிலும், மனத்துக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பமோ மரமோ போதும். அதற்கு முன் மஞ்சள் விழுந்தால் நிற்பீர்கள், தாண்டிவிட்டால் போவீர்கள்.

நிற்கத் தீர்மானித்தால் பின்னால் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். அவர் மஞ்சளில் பறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். சைக்கிளுக்குப் பிரேக் விளக்கு கிடையாது. உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி, கையைக் கீழ்நோக்கி நீட்டி இரண்டு முறை அசைத்தால் வேகம் குறைகிறது என்று பொருள். கையை எடுக்க முடியாத நிலை என்றால் உடலை நிமிர்த்துங்கள். குனிந்திருந்த முதுகு நிமிர்வது தூரத்திலிருந்தே தெரியும். பிரேக்கைச் சற்று முன்கூட்டியே, மென்மையாகத் தொடங்குங்கள்.

படி 5: முந்தியே தீருவேன் என்று ஒருவர் வந்துவிட்டால்

எவ்வளவு சரியாகச் செய்தாலும் சிலர் முந்துவார்கள். ஒலி உயர்ந்துகொண்டே நெருங்கினால், அதாவது என்ஜின் சத்தம் குறையாமல் கூடிக்கொண்டே வந்தால், அவர் பொறுக்கப்போவதில்லை.

அப்போது திசை மாற்றாதீர்கள். ஓரத்தை நோக்கி வெடுக்கென்று ஒடிப்பதுதான் உடம்பு முதலில் செய்ய நினைப்பது. சக்கரம் கல்லில் உரசி வண்டிப் பக்கமே விழுந்துவிடும் அபாயம் அதில் இருக்கிறது. முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியை இறுக்காமல், நேர்கோட்டில் போங்கள். மிதிப்பதை நிறுத்தி இரண்டு விரலைப் பிரேக்கின் மேல் வையுங்கள். பெரிய லாரி அல்லது பஸ் என்றால், முதலில் அதன் முகப்பு தள்ளும் காற்று உங்களை ஓரத்துக்குத் தள்ளும், பிறகு பக்கவாட்டுக் காற்று உள்ளே இழுக்கும். தளர்ந்த கை இதைத் தாங்கும், விறைத்த கை தாங்காது.

வண்டியின் பின்பகுதி உங்களைத் தாண்டும்வரை காத்திருக்காமல், அதன் முன்சக்கரம் உங்கள் பக்கத்தில் வந்த உடனேயே வேகத்தைக் குறையுங்கள். முந்துகிறவர் திடீரென்று உள்ளே வருவார், வந்ததும் பிரேக் போடுவார். அந்த இடத்தில் நீங்கள் இல்லாமல் இருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது வலிக்கும், எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் குறைக்கிறேன்.

படி 6: முந்திவிட்டுக் குறுக்கே திரும்பும் வண்டி

முந்தும் வண்டிகளில் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். சிக்னல் பச்சை. நீங்கள் நேராகப் போகிறீர்கள். கார் உங்களை முந்தி, சந்திப்பில் ஓரப்பக்கச் சாலைக்குள் உங்களுக்குக் குறுக்கே திரும்புகிறது. உங்களைக் கடந்துவிட்டோம் என்று ஓட்டுநர் நினைக்கிறார். சைக்கிளின் வேகத்தை அவர் குறைவாக மதிப்பிட்டிருக்கிறார், அல்லது கடந்த நொடியிலேயே உங்களை மறந்துவிட்டார்.

இண்டிகேட்டரை நம்பாதீர்கள். கார் உங்கள் பக்கத்துக்கு வந்த பிறகு அது போட்டாலும் உங்கள் கண்ணில் படாது. முன்சக்கரத்தைப் பாருங்கள். உடல் திரும்புவதற்கு முன் சக்கரம் திரும்பும். டயருக்கும் அதன் மேல் உள்ள வளைவுக்கும் நடுவே தெரியும் கருப்பு இடைவெளி ஒரு பக்கம் அகலமாகும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் அரை நொடி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஓட்டுநரின் தலை ஓரப்பக்கமாகத் திரும்புவது, கார் முதலில் சற்று நடுப்பக்கம் ஒதுங்குவது, காரணமில்லாமல் வேகம் குறைவது ஆகியவையும் முன்னறிவிப்புகள்.

தூரம் இருந்தால் நில்லுங்கள். உடலைப் பின்னால் தள்ளி இருக்கையின் பின்விளிம்புக்குக் கொண்டுபோய், இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, கூட்டிக்கூட்டிப் பிடியுங்கள். நான் அன்று செய்ததுபோல முன்பிரேக்கை மட்டும் ஒரேயடியாக இறுக்க வேண்டாம். ஈரத்தில் சாலைக்கோடுகளின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும் பிரேக்கைத் தளர்த்தி, அவற்றைத் தாண்டிய பின் மீண்டும் பிடியுங்கள்.

நிற்கத் தூரம் இல்லை என்றால், காரோடு சேர்ந்து அதே பக்கம் திரும்பிவிடுங்கள். அந்தச் சாலைக்குள் அதன் பக்கத்திலேயே போய், பிறகு நின்று திரும்பி வாருங்கள். மோதலைவிட அரை நிமிடச் சுற்று எவ்வளவோ மேல்.

படி 3இல் சொன்ன நடுத்தட இடம் இந்த ஆபத்தைப் பெருமளவு தடுத்துவிடும். நீங்கள் காருக்குப் பக்கத்தில் இல்லாமல் முன்னாலோ பின்னாலோ இருக்கும்போது அது உங்களுக்குக் குறுக்கே திரும்ப வழியில்லை. நேராகவும் ஓரப்பக்கமாகவும் போக அனுமதி உள்ள பொதுத் தடத்தில், முன்னால் உள்ள காரின் ஓரப்பக்கமாக நுழைந்து முன்னேறாமல் அதன் பின்னாலேயே வரிசையில் நில்லுங்கள்.

சிவப்பிலும் ஓரப்பக்கம் திரும்ப அனுமதி உள்ள நாடுகளில் இன்னொரு கவனம் தேவை. திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர், வண்டிகள் வரும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் நிற்கும் உங்களை அவர் கடைசிவரை பார்க்காமலே நகரலாம். அவருடைய முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை அவர் முன்னால் போகாதீர்கள்.

படி 7: எங்கே நிற்பது

சில நகரங்களில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று ஒரு கட்டம் வரையப்பட்டிருக்கும். அதற்குப் பத்திரமாகப் போய்ச்சேர முடிந்தால் மட்டும் அதன் நடுவில் நில்லுங்கள். கட்டம் இல்லாத இடத்தில், முதல் காருக்குப் பின்னால் இரண்டாவதாக, தடத்தின் நடுவில் நிற்பது எனக்குப் பிடித்த இடம். முன்னால் இருக்கும் கார் சந்திப்பில் எனக்குக் கவசம்போல் போகிறது. எதிரே வந்து குறுக்கே திரும்பத் துடிக்கும் வண்டிகளும் அந்தக் காருக்காக நிற்கின்றன.

லாரி, பஸ், கலவை இயந்திர வண்டி ஆகியவற்றின் ஓரப்பக்கமாக மட்டும் ஒருபோதும் நுழையாதீர்கள். சிக்னல் சிவப்பாக இருந்தாலும், இடம் தாராளமாகத் தெரிந்தாலும் வேண்டாம். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. ஓரம் திரும்ப வேண்டிய லாரி முதலில் நடுப்பக்கம் ஒதுங்கும். அதைப் பார்த்து வழி விடுகிறார் என்று எண்ணி உள்ளே போகிறவர், அது திரும்பும்போது தடுப்புக் கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார். உயரமான இருக்கையிலிருந்து ஓட்டுநருக்குத் தன் கதவுக்குக் கீழே நிற்பவரைத் தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. லாரிக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி, அந்தக் கண்ணாடி தெரியும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் முன்னால் நின்றிருக்க, பிறகு ஒரு லாரி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், பச்சை விழுந்ததும் அது போகட்டும். தேவைப்பட்டால் சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வையுங்கள்.

படி 8: பச்சை விழும் முன்னும் பின்னும்

நிற்பதற்கு முன்பே கியரை இலகுவாக்குங்கள். கனமான கியரில் கிளம்பினால் முதல் மூன்று நான்கு மீட்டர் சைக்கிள் தள்ளாடும், பின்னால் இருப்பவரின் பொறுமை தீர்வதும் அந்த மீட்டர்களில்தான். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, மற்றப் பெடலை முன்பக்கமாகச் சற்று உயர்த்தி, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மிதியில் சைக்கிள் நிலைபெற்றுவிடும்.

பச்சை விழுந்ததும் ஒரு கணம் இரு பக்கமும் பாருங்கள். குறுக்குச் சாலையில் மஞ்சளைத் துரத்தி வந்த கடைசி வண்டி இன்னும் வந்துகொண்டிருக்கலாம். பிறகு உறுதியாக மிதித்துக் கிளம்புங்கள், சந்திப்பு முடியும்வரை தடத்தின் நடுவை விடாதீர்கள்.

சிவப்பில் குதித்து முன்னேறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982இல் சைக்கிள்களுக்கு நிறுத்த விதிகளைத் தளர்த்தியது உண்மை. சட்டம் அப்படி அனுமதிக்காத இடத்தில் நான் அதைச் செய்வதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். விளக்கை மதித்து நிற்பவருக்குத்தான் தடத்தின் நடுவில் நிற்கும் நியாயமும் இருக்கிறது. கோபன்ஹேகனின் சில சாலைகளில் சிக்னல்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள்களுக்கு அடுத்தடுத்துப் பச்சை கிடைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே சைக்கிளை விரட்டி முந்தும் காருக்கு அடுத்த சிக்னலில் சிவப்புதான் காத்திருக்கும். எல்லா ஊர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

படி 9: ஹாரனுக்கும் வசவுக்கும்

ஹாரன் அடித்தால், உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள். பார்க்காதவர்தான் ஆபத்தானவர். திசை மாற்றாமல், ஒரு கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுங்கள். தெரிகிறது, சற்றுப் பொறுங்கள் என்பதை அது சொல்லிவிடும். திரும்பி முறைக்காதீர்கள்.

சிக்னலில் அந்தக் கார் உங்கள் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் கண்ணாடியில் தட்டாதீர்கள், காரைத் தொடாதீர்கள். அவர் கண்ணாடியை இறக்கிப் பேசினால், ஒரே ஒரு வாக்கியம் போதும்: “மிக நெருக்கமாக வந்துவிட்டீர்கள், எனக்குப் பயமாக இருந்தது.” இதை நான் சொன்னபோது இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வைதார். வைதவருக்குப் பதில் சொல்லாமல், அவரை முன்னால் போகவிட்டு அடுத்த சிக்னல் வரை மெதுவாகவே போனேன். கோபத்தோடு ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது, முன்னால் இருப்பதைவிடப் பத்திரம்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். உரசுமளவுக்கு ஒரு வண்டி போன பிறகு பல நிமிடங்களுக்குக் கை நடுங்கும், பார்வை குறுகும். ஓரமாக இறங்கி நின்று, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 10: பிறகு

வண்டி எண், நிறம், நேரம், எந்தத் திசையில் போனது ஆகியவற்றை உடனே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நின்றதும் எழுதிவையுங்கள். பஸ், லாரி, வாடகைக் கார் என்றால் நிறுவனத்தின் பெயரும் வண்டியின் உள் எண்ணும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். கேமரா வைத்திருந்தால் அன்றே அந்தப் பகுதியைத் தனியாகச் சேமியுங்கள். பல கேமராக்கள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். காயம் இருந்தால் சிறியது என்று விடாமல் மருத்துவரிடம் காட்டி, காவல்துறையில் பதிவு செய்யுங்கள். ஒரே சந்திப்பில் திரும்பத் திரும்ப நடந்தால், ஓட்டுநர்கள் மட்டுமல்லாமல் அந்தச் சந்திப்பின் அமைப்பும் காரணமாக இருக்கலாம். தேதிகளோடு சாலைப் பொறுப்பிலுள்ள அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பழகிக்கொள்ள

மேலே சொன்னவற்றில் எதையும் நெரிசல் நேரத்தில் முதன்முதலாக முயலாதீர்கள். விடுமுறை நாளின் அதிகாலையில், வண்டி இல்லாத இடத்தில் ஒரு நீண்ட கோட்டைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் வரைந்த கோடு போதும். நண்பர் ஒருவரைப் பின்னால் இருபது மீட்டரில் நிற்கவைத்துவிட்டு, கோட்டின் மேலேயே மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். அவர் குரல் கொடுத்ததும் தோளுக்கு மேலாகத் திரும்பி, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று உரக்கச் சொல்லுங்கள். முதல் நாளில் சைக்கிள் அரை மீட்டராவது விலகும். திரும்பும் பக்கமாகவே கையும் இழுக்கும். திரும்பும் பக்கத்துக் கையைத் தளர்த்தி, தாடையைத் தோளில் தொடவைத்துப் பாருங்கள், விலகல் குறையும். கோட்டை விட்டு விலகாமல் ஐந்து முறை சரியாக எண்ணிச் சொல்ல வந்த பிறகு, அதே நண்பரைக் காரில் பின்னால் மெதுவாக வரச்சொல்லுங்கள்.